பதினைந்து நொடி

போன சீசனில் பதினான்கு ஆட்டம்.
ஜெயித்தது இரண்டு.
அதில் ஒன்று, எதிரணி ஏறி வந்த வேன்
அவிநாசியில் பஞ்சரானதால்.
எனக்கு அதுவும் வெற்றிதான்.
மூன்று புள்ளிக்கு முகமா இருக்கிறது?

நூல் விலை ஏறினால் திருப்பூரே பேசும்.
நல்லாறு ஸ்போர்ட்டிங் தோற்றால்
என் வீட்டுக்காரி மட்டும் பேசுவாள்:
"ஏனுங்க, சோத்தத் தின்னுபோட்டு
அப்பறமா வெசனப்படுங்க."

இந்த வருசம் அப்படி இல்லை.
மூன்று பேர் புதுசு.

கோல்கீப்பர் கோகுலகண்ணன், காங்கேயத்துப் பையன்.
கை நீளம் பார்த்தே எடுத்தோம் என்றார்
செக்ரட்டரி தங்கவடிவேல்.
இருபது வருசம் பனியன் கம்பெனி, நான் சும்மா நம்புவேனா?
டேப் வைத்து அளந்தேன்.
தோளிலிருந்து விரல் நுனிவரை எண்பத்திரண்டு சென்டி.
பழைய கீப்பர்
ஒறம்பரை வந்தாற்போல ஒவ்வொரு பந்தையும்
வாங்க வாங்க என்று உள்ளே விட்டவர்.

வால்பாறை ஷெல்டன், இடது கால்.
தேயிலைச் சரிவில் ஆடிப் பழகியவன்,
சமதரையிலும் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறான்.
விட்டால் உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும் என்ற பயம்
இன்னும் அவன் பாதத்தில் இருக்கிறது.
அதனால்தான் அவனிடமிருந்து பந்தை
ஒருத்தனாலும் பிடுங்க முடியவில்லை.

பிறகு, பிபின் லக்ரா.
ஜார்க்கண்ட். சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட்.
ட்ரயலுக்கு வந்தபோது நகமெல்லாம் நீலம்.
யாருடைய பூட்ஸிலோ தினத்தாளைத் திணித்துக்கொண்டு
நாற்பது நிமிசத்தில் நாலு கோல்.
நாலாவது விழுந்தபோது
தங்கவடிவேல் கையிலிருந்த டீயைத் தன் வேட்டியில் ஊற்றிக்கொண்டார்.
நான், நாற்பத்தொன்பது வயதில்,
கம்பி வேலியைத் தாண்டிக் குதித்து
மூன்று நாள் நொண்டினேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனான்.
"வர்றேண்ணா" என்றான், தமிழில்.
தீபாவளிக்குப் போனதில் பாதிப்பேர்
பொங்கலுக்கும் திரும்புவதில்லை என்று
லைன் சூப்பர்வைசர் வேலம்மாள் நோட்டில் கணக்கு இருக்கிறது.
போன் அடித்தால் ஒரு பெண்குரல் இந்தியில் ஏதோ சொல்கிறது.
மரியாதையாகத்தான் சொல்கிறது.

ஞாயிறு முதல் ஆட்டம், பல்லடத்துக்காரர்களோடு.
இன்று வெள்ளி, இரவு பத்தரை.
ஜெர்சி நான்தான் அடிக்கிறேன்.
எக்ஸ்போர்ட்டில் ஒதுக்கிய துணி, மயில் நீலம்.
கழுத்துத் தையல் ஒரு நூல் கோணல்,
போட்டால் தெரியாது.
ஒன்று, கோகுல். முடிந்தது.
பதினொன்று, ஷெல்டன். முடிந்தது.
ஒன்பது கிடக்கிறது.

"பேர் வேண்டாங்க, நம்பர் மட்டும் போடுங்க.
வராட்டி வேற யாராச்சும் மாட்டிக்கட்டும்"
என்று சொல்லிவிட்டுத்தான் போனார் செக்ரட்டரி.
நியாயம்தான்.
நூற்றைம்பது டிகிரியில் பதினைந்து நொடி அழுத்தினால்
எழுத்து துணிக்குள் இறங்கிவிடும்.
உரித்தால் துணியோடுதான் வரும்.
போன வருசத்து ஒன்பதில் மணிமாறன் என்று ஒட்டினேன்.
சீசன் பாதியில் கோயமுத்தூர் கிளப்புக்குப் போய்விட்டான்.
அந்த ஜெர்சியால்தான்
இந்த மிசினைத் துடைக்கிறேன்.

இருந்தும் வெட்டினேன்.
ல. க். ரா.
க்-கன்னாவின் புள்ளி எங்கேயோ விழுந்துவிட்டது.
மொபைல் வெளிச்சத்தில் மேசைக்கடியில் தவழ்ந்து
கடைசியில் என் செருப்பிலேயே கண்டுபிடித்தேன்.

கைப்பிடியை இறக்கினேன்.
ஒன்று, இரண்டு.
ஏழில் நினைத்தேன்,
தன்பாத் எக்ஸ்பிரஸ் விசயவாடா தாண்டியிருக்கும்.
அவன் ஏறியிருந்தால்.
பதினொன்றில் ரப்பர் வாசம்.
பதினைந்து.

புள்ளி கொஞ்சம் விலகித்தான் உட்கார்ந்திருக்கிறது.
இருக்கட்டும், ஓடுகிறவன் முதுகில்
யார் எழுத்துப்பிழை பார்க்கப்போகிறார்கள்.
சூடு ஆற ஹேங்கரில் மாட்டி விளக்கை அணைக்கப் போனேன்.
ஃபேன் காற்றில் ஒன்பது
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது,
பந்து கேட்கிறவனைப்போல.